பேண்ட்காரனுக்கு எதுக்கு ரெஜிமென்ட் பெருமை?

6 ஜனவரி 2024 (இழையைத் தொடங்கிய கேள்வி)

"எங்க ஊர் முன்னாள் படைவீரர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஒருத்தர் பட்டாளத்து பேண்டில் டிரம் அடித்தவராம். கோட்டில் ரெஜிமென்ட் பேட்ஜ், கழுத்தில் ரெஜிமென்ட் டை, பேச்சுக்குப் பேச்சு 'என் பல்டன், என் பல்டன்'. துப்பாக்கி பிடித்து எல்லையில் நின்றவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் குழல் ஊதியவருக்கும் மேளம் அடித்தவருக்கும் எதுக்கு இவ்வளவு ரெஜிமென்ட் பெருமை? அதுவும் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன வாத்தியத்தில்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

6 ஜனவரி, இரவு 10.40

நான் சைடு டிரம் அடித்தவன். மதராஸ் ரெஜிமென்ட். 1985-இல் சேர்ந்தேன், 2009-இல் ஹவில்தாராக வீட்டுக்கு வந்தேன். என் பல்டன், அதாவது பட்டாலியன், நம்பரை இங்கே போடப் போவதில்லை. உடன் இருந்தவர்கள் படித்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அது போதும்.

தம்பி, முதலில் ஒன்று. காலாட்படைப் பல்டனின் பைப் பேண்டில், அதாவது தோல்பை வைத்து ஊதும் பேக்பைப்பும் டிரம்மும் சேர்ந்த பேண்டில், இருப்பவன் வெளியிலிருந்து கூட்டி வந்த வாத்தியக்காரன் கிடையாது. நீலகிரியில் எங்கள் ரெஜிமென்ட் சென்டர் இருக்கும் வெலிங்டனில் எல்லோரையும் போல மொட்டை அடித்து, எல்லோரையும் போல ஓடி, சுட்டு, கசம் பரேடில் சத்தியம் செய்துகொடுத்துவிட்டு வந்த சிப்பாய். அதற்குப் பிறகுதான் பேண்ட் கற்றுக்கொடுக்கும் உஸ்தாத் வந்து உதட்டைப் பார்த்து, மணிக்கட்டைப் பார்த்து, "நீ வா" என்று இழுத்துக்கொண்டு போவார். சண்டை என்று வந்தால் டிரம்மும் பைப்பும் பெட்டிக்குள் போய்விடும். எங்கள் தோளில் ஸ்ட்ரெச்சர் ஏறும். அடிபட்டவனைத் தூக்கி வருவது பேண்ட்காரன் வேலை.

மீதியைக் காலையில் எழுதுகிறேன். இப்போது எழுதினால் கோபத்தில் எழுதுவேன்.

7 ஜனவரி

தொண்ணூறுகளின் நடுவில், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டி மேலே ஒரு போஸ்ட். பனிக்காலம் முடிகிற சமயம். ஷெல் சிதறலில் ஒரு பையனுக்குக் கால் போய்விட்டது. கேரளத்துப் பையன், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கீழே ஆர்.எம்.ஓ., அதாவது பல்டன் டாக்டர், இருந்த இடம் வரைக்கும் நாங்கள்தான் இறக்கினோம். நான்கு பேர் பிடிக்க வேண்டிய ஸ்ட்ரெச்சர். பாதை குறுகினால் இரண்டு பேர். சரிவு வந்தால் மேலே நிற்கிறவன் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு விட்டு விட்டு இறக்குவான். பொழுது சாயப் புறப்பட்டோம், வந்து சேரும்போது விடிந்திருந்தது.

இரவு முழுக்க அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "டிரம் அண்ணே, காலு உண்டோ?" நான் பின்பக்கம் பிடித்திருந்தேன், போர்வை எனக்குத் தெரியும். "இருக்குடா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தப் பொய்யைப் பற்றி இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

ஸ்ட்ரெச்சர் தூக்கும் முறையையும் சொல்கிறேன். முன்னால் பிடிப்பவன் இடது காலை எடுத்து வைத்தால் பின்னால் பிடிப்பவன் வலது காலை எடுத்து வைக்க வேண்டும். நடை ஒன்றாகிவிட்டால் ஸ்ட்ரெச்சர் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பிக்கும், படுத்திருப்பவனுக்கு உயிர் போகும். எண்ணூறு பேருடைய காலை ஒரே அடிக்குக் கொண்டு வருவதுதான் எங்கள் தொழில். நிமிஷத்துக்கு 120 அடி, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை அடிக்கும். அப்படிப்பட்டவர்கள் அன்றைக்கு ராத்திரி பூரா வேண்டுமென்றே தாளம் தப்பி நடந்தோம். கால் தானாக ஒன்று சேரப் பார்க்கும். டெனர் டிரம் அடிக்கிற பையன் என் முன்னால் போனான். "சேருது, சேருது" என்று நான் சொல்ல, அவன் ஒரு எட்டை விழுங்குவான்.

9 ஜனவரி

"எண்ணூறு பேரா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பல்டன் முழுக்க ஒரே மைதானத்தில் நிற்கிற நாளைச் சொன்னேன். எல்லா நாளும் அவ்வளவு பேர் நிற்க மாட்டார்கள்.

இன்னொருவர் கேட்டது நல்ல கேள்வி. "நீங்கள் சொல்வது ஸ்ட்ரெச்சர் தூக்கிய பெருமை. கேட்டவர் கேட்பது டிரம் அடித்த பெருமை. இரண்டும் ஒன்றா?"

இரண்டு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். முதல் நாள் பதிலில் டிரம்மைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ஸ்ட்ரெச்சரைக் காட்டித் தப்பித்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. டிரம் அடித்ததற்கே பெருமை உண்டு. அதைச் சொல்ல வந்தபோது கூச்சம் வந்திருக்கிறது. அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். பிறகு எழுதுகிறேன்.

10 ஜனவரி

குழல் பற்றிக் கேட்டவருக்கு.

இப்போதைய காலாட்படைப் பல்டன்களில் பைப்பும் டிரம்மும்தான். புல்லாங்குழலும் பிக்கோலோ என்கிற சின்னக் குழலும் ரெஜிமென்ட் சென்டரின் பித்தளை பேண்டில் இருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு பட்டாளத்திலும் டிரம்மர்களும் பைஃப் ஊதுபவர்களும் இருந்தார்கள். பைஃப் என்பது ஆறு துளையுள்ள சின்னக் குறுக்குக் குழல். நம் கச்சேரிப் புல்லாங்குழலில் வாய்த்துளை போக எட்டுத் துளை, குரலும் கனிந்து இறங்கும். பைஃப் கீச்சென்று மேலே ஏறும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. துப்பாக்கிப் புகைக்கும் குதிரைக் கனைப்புக்கும் மேலே கேட்க வேண்டும், அதற்குத்தான். சுவிட்சர்லாந்துக் கூலிப்படைகளிடமிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவி, கப்பலேறி சென்னைக் கோட்டைக்கும் வந்து சேர்ந்தது.

எங்கள் ரெஜிமென்ட் சின்னத்தில் இருக்கும் யானை அஸ்ஸாயே யானை. 1803 செப்டம்பர் 23, இன்றைய மகாராஷ்டிரத்தில் ஜால்னா மாவட்டம். மராட்டியப் படைக்கு எதிராக ஆங்கிலேயத் தளபதி வெல்லெஸ்லியின் கீழ் மதராஸ் சிப்பாய்களும் நின்றார்கள், அந்த வெற்றிக்குக் கிடைத்தது யானை. அதே வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு. ஜக்கதளா என்று இருந்த இடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அங்கேதான் எங்களுக்கு மொட்டை அடித்தார்கள்.

அந்த அஸ்ஸாயேயில் மதராஸ் பட்டாளங்களோடு 78-ஆம் ஹைலாண்டர் என்ற ஸ்காட்லாந்துப் படையும் நின்றது. சண்டை நடக்கும்போது வாத்தியக்காரர்கள் எல்லோரும் அடிபட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தியரிடம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. பைப் ஊதும் ஒருவர் அது தனக்கும்தான் என்று நினைத்து, பைப்பை ஓரமாக வைத்துவிட்டுத் தூக்கப் போய்விட்டார். சண்டை முடிந்ததும் சக வீரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். குழல் ஊதுகிறவன் பின்னால் போகலாம், அவன் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது, பைப்காரன் சண்டையின் நடுவில் நிற்க வேண்டியவன், சீட்டியடிக்கிறவர்களோடு நீ எப்படிப் பின்னால் போகலாம் என்று கேட்டுத் தீர்த்துவிட்டார்கள். அந்த மனுஷன் அந்த அவமானத்தைச் சுமந்துகொண்டு திரிந்து, இரண்டு மாதம் கழித்து நவம்பர் 29 அன்று அர்காவ் சண்டையில் ஊதிய ஊதலில் முன்னேறிய படையை அடக்கி நிறுத்துவதே பெரும்பாடாகிவிட்டதாம்.

இதை முதன்முதலில் எங்கள் பைப் மேஜர் சொன்னார். பைப்காரர் அல்லவா, அவருக்கு இந்தக் கதையில் பைப்காரர்தான் தலைவன். எனக்கு அன்றைக்கே மனம் குழல்காரர்களிடம்தான் போனது. பேர் தெரியாத அந்த ஆட்கள் எத்தனை பேரைத் தூக்கினார்களோ. அவர்களை யாரும் பழிக்கவில்லை, ஏனென்றால் அவர்களிடமிருந்து யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. இழையைத் தொடங்கிய தம்பி கேட்டதும் அந்த ஹைலாண்டர்கள் பேசியதும் ஒரே பேச்சு. 220 வருஷப் பழசு.

11 ஜனவரி

தமிழாசிரியர் ஒருவர் முரசுக்கட்டிலைப் பற்றி எழுதியிருக்கிறார். மோசிகீரனார் களைப்பில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட, வாளை எடுக்க வேண்டிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கவரி எடுத்து வீசினான் என்கிற புறநானூற்றுச் செய்தி. பள்ளிக்கூடத்தில் படித்தபோது புலவருக்குக் கிடைத்த மரியாதை மட்டுமே கண்ணில் பட்டது. இப்போது படித்தால் வேறொன்று படுகிறது. முரசுக்குத் தனியாக ஒரு கட்டில், அதன் மேல் மென்மையான பூ, முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்த நேரம். அடிக்கிற கருவிக்கு அவ்வளவு மரியாதை இருந்திருக்கிறது. அடித்தவன் எங்கே படுத்தான்?

14 ஜனவரி, போகி

விடிகாலை நாலு மணிக்கே தெருவில் பசங்கள் போகி மேளத்தை ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வேலூர்ப் பக்கம் இது இல்லாமல் போகி கிடையாது. எதிர்வீட்டுப் பேரன் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு டம் டம் என்று ஒரே கையால் அடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு குச்சியை ஒடித்துக் கொடுத்து "வலது ரெண்டு, இடது ரெண்டு" என்று காட்டினேன். டாடி மம்மி, டாடி மம்மி. பேண்டில் முதல் ஆறு மாதம் இதுதான் சோறு. மெதுவாக ஆரம்பித்து, அடி ஒன்றோடொன்று ஒட்டுகிற அளவுக்கு வேகம் ஏறி, திரும்ப மெதுவாக இறங்க வேண்டும். ஏற்றத்தை எல்லோரும் செய்வார்கள். இறங்கும்போது கை உளறும்.

பையன் கால் மணி நேரத்தில் பிடித்துவிட்டான். அவன் அம்மா வெளியே வந்து "தாத்தா பட்டாளத்துல மேளம் அடிச்சவருடா" என்றாள். அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் உள்ளே சுருக்கென்றது. 9-ஆம் தேதி எழுதிய கூச்சம் இதுதான்.

16 ஜனவரி

சொல்லிவிடுகிறேன்.

பேண்டில் சேர்ந்த விஷயத்தை மூன்று வருஷம் வீட்டுக்குச் சொல்லவில்லை. கடிதத்தில் "பயிற்சி நன்றாகப் போகிறது" என்று எழுதுவேன், எந்தப் பயிற்சி என்று எழுத மாட்டேன். லீவில் வந்தபோது பெட்டியில் இருந்த போட்டோவை அப்பா எடுத்துப் பார்த்துவிட்டார். தோளில் பட்டை, இடுப்பில் டிரம், பக்கத்தில் புலித்தோல் போர்த்திய பெரிய டிரம்காரர். அப்பா கேட்டது: "பட்டாளத்துக்குப் போயும் மோளந்தான் அடிக்கிறியா? தோலத் தொடற வேலையா குடுத்தான் உனக்கு?"

எங்கள் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள். என் ஊரும் அந்த மாதிரிதான். பட்டாளத்துக்குப் போனவன் வீட்டுக்கு மதிப்பு. ஆனால் பறை அடிப்பவர்கள் தெருக்கோடியில்தான் நிற்க வேண்டும், சாவு வீட்டில் கூலியைக் கையில் கொடுக்காமல் கீழே வைப்பார்கள். இதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அப்பாவுக்கு மட்டும் இருந்த எண்ணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். உஸ்தாத் "நீ வா" என்றபோது என் வயிற்றிலும் அதே எண்ணம்தான் கலக்கியது. பத்தொன்பது வயது. முடியாது என்று சொல்ல பயம், சேர்ந்துவிட்டேன்.

எனக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தது பாதி உஸ்தாத், பாதி என் பக்கத்தில் நின்ற அண்ணன். ஆற்காட்டுப் பக்கம். என்னைவிட ஐந்து வருஷம் மூத்தவர். பயிற்சிக்கு என்று சில பழைய டிரம்கள் வைத்திருப்பார்கள், கன்றுத் தோல் போட்டது, பக்கவாட்டில் கயிறு குறுக்கு நெடுக்காக ஓடும், தோல் பட்டையைக் கீழே தள்ளித் தள்ளி முறுக்க வேண்டும். வெலிங்டன் மூடுபனியில் அந்தத் தோல் ஊறிப்போய் மண்பானை மாதிரிச் சத்தம் கொடுக்கும். உஸ்தாத் எவ்வளவு முறுக்கினாலும் ஏறவில்லை. இந்த அண்ணன் காய்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தி, டிரம்மைச் சாய்த்துப் பிடித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லச் சுழற்றிக் காய்ச்சினார். விரலால் ஒரு தட்டு. கணீர் என்றது. "எங்கே கத்துக்கிட்டே?" என்று உஸ்தாத் கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர் சாவு வீடுகளில் அந்தக் கையசைவை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி லங்கரில், சாப்பாட்டுக் கூடத்தில், அவர் பக்கத்தில் உட்காரலாமா என்று ஒரு கணம் நின்றேன். எல்லா ஜாதியிலிருந்தும் ஆள் எடுக்கிற ரெஜிமென்ட், ஒரே தட்டுவரிசை, ஒரே சோறு. ஆனாலும் நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். நின்றதை அவர் கவனித்தார் என்றே நினைக்கிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலான பழக்கத்தில் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

17 ஜனவரி

நேற்று எழுதியதை அழித்துவிடலாமா என்று காலையில் நினைத்தேன். இருக்கட்டும்.

19 ஜனவரி

"டிரம்மில் போர்வெற்றிகளின் பெயர்களை எழுதியிருப்பார்களே, அதுதானே பெருமை?" என்று கேட்டவருக்கு நேற்று ஆமாம் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். தப்பு, திருத்துகிறேன். பிரிட்டிஷ் ரெஜிமென்ட் டிரம்களில் அந்தப் பெயர்களை வரிசையாக எழுதியிருப்பார்கள். அதிலும் ரைஃபிள் ரெஜிமென்ட்களுக்குக் கொடி கிடையாது என்பதால் அவர்களுக்கு டிரம்தான் கொடி மாதிரி. என் இடுப்பில் தொங்கியதில் யானைச் சின்னமும் ரெஜிமென்ட் பெயரும் இருந்தன. படத்தில் பார்த்ததையும் தோளில் சுமந்ததையும் மனது ஒன்றாக்கிவிட்டது.

ஆனால் அந்த யானையைத் தினமும் துடைத்தவன் நான். பரேடு அன்று பெயிண்டில் விரல்ரேகை இருந்தால் டிரம் மேஜர் கண்ணில் பொறி பறக்கும்.

22 ஜனவரி

மேளத்தை யார் கையில் கொடுத்தார்கள் என்பதற்கு 1795-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

அந்த வருஷம் கம்பெனி ஒரு உத்தரவு போட்டது. அப்பா அம்மா இரண்டு பக்கமும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் படையில் சேரக் கூடாது. சேர வேண்டுமென்றால் டிரம்மராக, பைஃப் ஊதுபவராக, பேண்ட்காரராக, லாடம் அடிப்பவராகச் சேரலாம். சென்னைக் கோட்டையைச் சுற்றிக் கறுப்பு அம்மாவுக்கும் வெள்ளை அப்பாவுக்கும் பிறந்த பிள்ளைகள் அப்போது ஏராளம். வாளைக் கொடுக்க மாட்டேன், குச்சியைப் பிடித்துக்கொள் என்றது கம்பெனி. கிராமம் யாரிடம் தோலைக் கொடுத்ததோ அதே மாதிரிதான். எவனைத் தள்ளி வைக்க வேண்டுமோ அவன் கையில் மேளம். அப்புறம் அவன் அடிக்கிற அடிக்கு மற்ற எல்லோரும் நடக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் படையில் சாட்டையடித் தண்டனையை நிறைவேற்றியவர்கள் டிரம்மர்கள். டிரம் மேஜர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார், ஒருவன் கை ஓய்ந்தால் அடுத்த டிரம்மர் வருவான். இந்தியச் சிப்பாய்களுக்குச் சாட்டையடியை கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் 1835-இல் நிறுத்தினார், பத்தே வருஷத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். பெருமை பேசுகிறவன் இதையும் சேர்த்தே சுமக்க வேண்டும். வெள்ளைக்காரன் வாத்தியம்தானே என்று கேட்ட தம்பிக்கு, ஆமாம், அவனுடைய அசிங்கமும் அதோடு வந்ததுதான்.

24 ஜனவரி

ஆனால் வாத்தியம் வந்த இடத்திலேயே நிற்பதில்லை. சென்டரின் பித்தளை பேண்டில் எனக்கு ஒரு நண்பன், பிக்கோலோ வாசிப்பான். தக்கலைப் பக்கம், நாகஸ்வரக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் பாறை மேல் உட்கார்ந்து முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை ஊதுவான். கேட்பவர்களுக்கு ஏதோ இங்கிலீஷ் மார்ச் என்று தோன்றும். அசல் அதுதானே. தீட்சிதர் சின்ன வயதில் மணலியில் இருந்தபோது கோட்டை பேண்ட் வாசித்ததைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார். கிட்டத்தட்ட நாற்பது, எல்லாம் சங்கராபரணத்தில். 'சந்ததம் பாஹிமாம்' பாடினால் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் மெட்டு வரும், பாட்டு அம்பாளைப் பற்றி இருக்கும். 

எங்கள் பேண்ட் மாஸ்டர் ஒருநாள் கேட்டுவிட்டு, "என்ன சரக்கு இது, மார்ச்சா பஜனையா?" என்றார். "சாப், இடது காலுக்கு மார்ச், வலது காலுக்கு பஜனை" என்றான். பாரக்கே சிரித்தது. ஒரு மாதம் அதே பேச்சு.

29 ஜனவரி

இன்று சாயங்காலம் டெல்லி விஜய் சௌக்கில் குடியரசு தின விழா முடிவில் நடக்கும் பேண்ட் நிகழ்ச்சியை டி.வி.யில் பார்த்தேன். தமிழ்ப் பத்திரிகைகள் பாசறை திரும்புதல் என்று எழுதுகின்றன, அருமையான சொல். பொழுது சாய்ந்ததும் டிரம் அடித்து, வெளியே இருக்கும் படையைக் கூடாரத்துக்குக் கூப்பிடுவதுதான் ஆதி வழக்கம்.

அதில் வாசித்துவந்த 'அபைட் வித் மீ' என்கிற ஆங்கிலப் பிரார்த்தனைப் பாட்டு 2022-இல் நின்றுபோனது. எனக்கு அதில் இரண்டு மனது. நம் நாட்டு மெட்டுகள் வந்ததில் சந்தோஷம்தான், வாத்தியமும் நம்முடையதாகட்டும். ஆனால் அந்தப் பாட்டின்போது மணி ஒன்று ஒன்றாக விழும், அப்போது நான் எப்போதும் நினைத்துக்கொள்வது அந்த ஸ்ட்ரெச்சர் ராத்திரியைத்தான். இன்று மணி விழவில்லை, ஆனாலும் அந்த இடம் வந்தபோது நினைத்துக்கொண்டேன். கடைசியில் வழக்கம்போல 'சாரே ஜஹான் சே அச்சா'வோடு ரைசினா மேட்டில் ஏறிப் போனார்கள். வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சொன்னாள், "உட்கார்ந்த இடத்துல காலு மாத்தி மாத்தி அடிக்குது பாருங்க."

3 பிப்ரவரி

அந்தக் கேரளத்துப் பையன் என்ன ஆனான் என்று ஆறு பேர் கேட்டுவிட்டீர்கள்.

பிழைத்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. ரொம்ப வருஷம் கழித்துப் பல்டன் தொடங்கிய நாளைக் கொண்டாடும் ரைசிங் டே ஒன்றில் பார்த்தேன். காலையில் முன்னாள் வீரர்கள் அணிவகுப்பு, ராத்திரி படாகானா, எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் விருந்து. நாங்கள் எல்லோரும் பனியனுக்குள் வயிற்றை இழுத்துக்கொண்டு மைதானத்தில் நின்றோம். அவனும் வரிசையில் வந்து நின்றான். இளவட்ட பேண்ட் 120-இல் அடிக்கும். அறுபது எழுபது வயசுக்காரர்களுக்கு அதுவே அதிகம், அவனுக்கு எப்படி?

நான் போய் இளைய டிரம் மேஜரிடம் மெதுவாகச் சொன்னேன். என் மகன் வயசு. ஒரு நிமிஷம் யோசித்தான். அதிகாரிகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிறார்கள், வேகம் குறைந்தால் அவன் தலைதான் உருளும். "எவ்ளோ சார் வேணும்?" என்றான். "நூறு." டிரம் மேஜர் கையில் இருக்கும் அந்தக் கதாயுதத்தைத் தூக்கினான். நூறில் இறக்கினான். பெரிய டிரம்காரர் முதல் அடியிலேயே பிடித்துக்கொண்டார். மேடையில் யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள்.

அவன் மேடையைத் தாண்டும் வரை ஒரு எட்டுகூடப் பிசகவில்லை. தாண்டியதும் என்னைப் பார்த்து, "அண்ணே, கால் உண்டு" என்றான்.

தம்பி, டிரம் அடித்த பெருமை என்ன என்று கேட்டீர்கள். ஸ்ட்ரெச்சரைச் சேர்க்காமல், வெறும் டிரம்முக்கு மட்டும் என்றால் அன்றைக்கு அந்த நூறு அடி. அந்த டிரம்மை அடித்தது நான்கூட இல்லை.

11 பிப்ரவரி

ஆற்காட்டு அண்ணன் நேற்று விடிகாலை தவறிவிட்டார். 

12 பிப்ரவரி

போய்விட்டு வந்தேன். எழுத வேண்டும் போலிருக்கிறது.

பட்டாளத்து பேண்ட் வரவில்லை. ஓய்வு பெற்ற ஹவில்தாருக்கு வர வேண்டும் என்று விதியும் இல்லை. சங்கத்திலிருந்து எட்டுப் பேர் மெடல் குத்திக்கொண்டு வந்தார்கள், மலர்வளையம் வைத்தோம். நான் என் சொந்த டிரம்மை எடுத்துப் போயிருந்தேன். மீரட்டில் ஜலி கோட்டித் தெருவில் ரொம்ப வருஷம் முன்னால் வாங்கியது, கயிறு வைத்த பழைய மாதிரி. பட்டாள முறைப்படி அடியில் ஓடும் நரம்பைக் கழற்றி, கறுப்புத் துணி போர்த்தினேன். அப்படிச் செய்தால் சத்தம் குழிக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கும்.

வாசலில் பறைக்காரர்கள் வைக்கோல் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவருடைய பங்காளிகள், அண்ணன் பிள்ளைகள். அதில் ஒரு பையன் சுழற்றிய விதத்தைப் பார்த்தபோது எனக்கு வெலிங்டன் மைதானம் வந்து நின்றது. ஓரத்திலிருந்து நடுவுக்கு. 

அவன் என் டிரம்மைப் பார்த்து, "அய்யா, நீங்க முன்னாடி வாங்க" என்றான். நான் முடியாது என்றேன். எங்கள் ஊரில் அவர்களைத் தள்ளி நிற்க வைத்த ஆட்களில் என் அப்பாவும் உண்டு. அதை அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது? "பக்கத்துல நிக்கிறேன், வரிசையா" என்றேன். அவர்கள் ஐந்து பேர், நான் ஆறாவது.

மெதுநடைக்கு அடிக்கும் உருட்டை ஆரம்பித்தேன். இரண்டே சுற்றில் பிடித்துக்கொண்டார்கள். பறையில் அது வேறு மாதிரி விழுந்தது, எங்கள் அடிக்கு நடுவே அவர்கள் இன்னொரு அடியைச் சொருகினார்கள். முதலில் தடுமாறினேன். பிறகு புரிந்தது, அண்ணனும் பரேடில் அதைத்தான் செய்வார். உஸ்தாத் இருபது தடவை திட்டியும் விடாமல் ஒரு அடியை நடுவில் ஒளித்து வைப்பார். எங்கள் பேண்டுக்கென்று ஒரு தனி ஓட்டம் இருக்கிறது என்று மற்ற பல்டன்காரர்கள் சொல்வார்கள், அது இதுதான். நான் அதை ரெஜிமென்ட் அடி என்று இருபத்துநாலு வருஷம் அடித்திருக்கிறேன். ஆற்காட்டுப் பக்கத்து அடி.

இடுகாடு வரைக்கும் அடித்தோம். மண் போட்ட பிறகு "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று சங்கத்துக்காரர்கள் ஒரு தடவை குரல் கொடுத்தார்கள். பறைக்காரப் பையன்கள் அதற்கும் அடித்தார்கள்.

திரும்பும்போது அண்ணனின் மகன், பத்தாவது படிக்கிறவன், டிரம்மைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அவனிடமே கொடுத்துவிட்டேன். "அடிக்காத நாள்ல கயித்தைத் தளர்த்தி வையி, இல்லேன்னா தோல் கிழிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.